கூலிப் பதிவேட்டில் இல்லாத பெயர்

சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போகிறவர்களுக்குச் சின்னசேலம் நெருங்குவதை மூக்கு சொல்லிவிடும். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, அந்தப் பால் தெளிந்து, கழிவுநீர் தேங்கிப் புளித்த வாடை அது. வெயில் காலத்தில் சாலையோரக் களங்களில் மாவும் ஜவ்வரிசியும் கண் கூசும் வெள்ளையாகக் காயும். கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் விளையும் குச்சிக்கிழங்கு லாரியிலும் டிராக்டரிலும் வந்து இறங்கும் வட்டாரம் இது.

இந்தத் தொழில் இங்கே வந்த கதைக்கு ஒரு போர் காரணம். இரண்டாம் உலகப் போரில் மலாயாப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷாவும் 1943 வாக்கில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி திரட்டும் முறையைத் தொடங்கினார்கள். கையால் குலுக்கித் திரட்டியதை மோட்டார் எடுத்துக்கொண்டது. 1981இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமாகச் 'சேகோசர்வ்' சேலத்தில் உருவானது. 2023இல் 'சேலம் ஜவ்வரிசி' புவிசார் குறியீடும் பெற்றது. விலை, கலப்படம், தரம் என்று இந்தத் தொழிலைப் பற்றி எத்தனையோ கூட்டங்கள் நடந்திருக்கின்றன. ஆலைக்குள் கை போனவர், உயிர் போனவர் கணக்கை யார் தீர்ப்பது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் மருத்துவமனை வாசலில், நாலு பேர் நடுவில், அவசர அவசரமாகப் பேசி முடிக்கப்படுகிறது. அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தோல் சீவும் இடத்தில் கத்திக் காயத்தோடு போகும். கழுவிய கிழங்கு அரவை மெஷினுக்குப் போகும் இடத்தில்தான் பயம் தொடங்குகிறது. உள்ளே ஒரு உருளை. அதன் மேல் முழுக்க ரம்பப் பல். கிழங்கு வாயில் சிக்கிக்கொண்டால் மெஷினை நிறுத்தி எடுக்க வேண்டும். நிறுத்தினால் மறுபடி ஓடி வேகம் பிடிக்க நேரமாகும். வெளியே லாரி காத்திருக்கும். மேஸ்திரி சத்தம் போடுவார். கட்டை எடுத்துத் தள்ளுகிறார்கள், கட்டை கிடைக்காதபோது கை போகிறது. தரை முழுக்க மாவுத் தண்ணீர், வழுக்கும். அந்த ஈரத்திலேயே மோட்டார் ஒயரும் ஓடும்.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதையெல்லாம் பார்க்காமல் எழுதப்பட்டதல்ல. அதன் 21ஆம் பிரிவு, ஓடும் பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்றது. 22ஆம் பிரிவு, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைத் தொட வேண்டியிருந்தால் பயிற்சி பெற்ற, இறுக்கமான உடை அணிந்த ஆள்தான் தொடலாம் என்றது. சேலைத் தலைப்பும் தோளில் கிடக்கும் துண்டும் சுழலும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் என்ன செய்யும் என்று அந்தப் பிரிவை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அரவை மெஷினைவிடக் கழிவுநீர்த் தொட்டி மோசம். மெஷின் சத்தம் போடும், தொட்டி போடாது. மாவு தெளிந்த பிறகு வரும் நீரில் சர்க்கரையும் மாவுச்சத்தும் நிறைய இருக்கும். மரவள்ளியில் இயற்கையாகவே உள்ள சயனைடுச் சேர்மமும் கலந்திருக்கும். காற்றுப் படாமல் அது அழுகும்போது மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு எல்லாம் கிளம்பும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கின் உணர்வையே அது மரக்கச் செய்துவிடும். 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கும் அந்த நிமிடம்தான் ஆபத்தான நிமிடம். உள்ளே ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். நாடு முழுக்கத் தொட்டிச் சாவுகள் இரண்டு மூன்றாக நிகழ்வதற்கு இதுவே காரணம். தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு சொன்னது எளிய விஷயம்: காற்றைச் சோதித்து, பாதுகாப்பானது என்று எழுத்தில் சான்று பெற்று இறங்கு, இல்லையென்றால் மூச்சுக் கருவியோடும், இடுப்பு பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருக்கவும் இறங்கு. கயிறும் பெல்ட்டும் ஒரு மூட்டை ஜவ்வரிசி விலைகூட இராது.

சரி, விபத்து நடந்துவிட்டது. அடுத்து என்ன?

அடிபட்டவரைக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கோ சேலத்துக்கோ கொண்டுபோகிறார்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படும். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 'ஆலையில் அரவை இயந்திரத்தில் கை சிக்கியது' என்று எழுதினால் ஒரு வழக்கு. 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று எழுதினால் இன்னொரு வழக்கு. கூடப் போகிறவர் பெரும்பாலும் ஆலை ஆள். என்ன எழுதுவது என்று அவர்தான் சொல்கிறார். வலியில் துடிப்பவரோ அழும் மனைவியோ அந்த வரியைப் படித்துப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், தொழிலாளி இழப்பீட்டு வழக்குகளில் பாதி அந்த ஒரு வரியிலேயே முடிவாகிவிடுகிறது.

மருத்துவமனையிலிருந்து காரியம் ஊருக்கு வருகிறது. ஊர்ப் பெரியவர்கள், கட்சிக்காரர் ஒருவர், முதலாளியின் உறவுக்காரர். ஒரு தொகை சொல்வார்கள், இன்னொரு தொகை கேட்பார்கள், நடுவில் ஒன்று நிற்கும். முத்திரைத்தாளில் 'இனி எனக்கும் ஆலைக்கும் எந்த வழக்கும் இல்லை' என்று கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார்கள். முதலாளி நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அவர் நிம்மதிக்கு ஆதாரமே இல்லை என்பதுதான் விசித்திரம். 2025 நவம்பரில் பெரும்பகுதி புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்ட 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, சாவு நேர்ந்தால் இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும் என்கிறது. குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. மூன்று மாதச் சம்பளத்துக்கு மிகாத முன்பணத்துக்கு மட்டுமே விலக்கு. 17ஆம் பிரிவோ, இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதப்படும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது. ஆக, முத்திரைத்தாளைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் முதலாளி கொடுத்ததை மறுபடி கொடுக்க வேண்டிவரலாம். அதை வாங்கிய குடும்பமோ தனக்கு வர வேண்டியதில் சிறு பங்கோடு ஒதுங்கிவிடுகிறது.

எவ்வளவு சிறு பங்கு? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நாளொன்றுக்கு 500 ரூபாய், மாதம் 24 நாள் வேலை. மாதச் சம்பளம் 12,000. வயது 35. ஆலையில் இறந்துபோகிறார். சம்பளத்தில் பாதி, அதாவது 6,000ஐ, சட்டத்தின் நான்காம் அட்டவணையில் 35 வயதுக்குரிய காரணியான 197.06ஆல் பெருக்க வேண்டும். 11,82,360 ரூபாய். இது பேரம் பேசும் தொகையில்லை, பெருக்கல் வாய்ப்பாடு. வயது 25 என்றால் காரணி 216.91, வயது 50 என்றால் 153.09. எந்த வயதானாலும் சாவுக்கு 1,20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் 2020 ஜனவரி 3 முதல் மாதம் 15,000 வரைதான் கணக்கில் எடுக்கப்படும்; அதற்கு முன்பு அந்த உச்சவரம்பு 8,000.

கை போனால்? நிரந்தர முழு ஊனத்துக்குச் சம்பளத்தில் 60 விழுக்காட்டைக் காரணியால் பெருக்க வேண்டும். பகுதி ஊனமென்றால் முதல் அட்டவணை சொல்லும் சதவீதத்தை அதில் எடுக்க வேண்டும். ஒரு கையின் கட்டைவிரலும் நான்கு விரல்களும் போனால் 60 சதவீதம். கட்டைவிரல் மட்டும் என்றால் 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. முப்பது வயது, 12,000 சம்பளம், அரவை மெஷினில் ஐந்து விரலும் போயிற்று என்று வைத்துக்கொண்டால் சுமார் 8,98,000 ரூபாய் வருகிறது. சதவீதம் அட்டவணையோடு நின்றுவிடுவதும் இல்லை. 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தவர் ஒரு தச்சர். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது. எனவே அவருக்கு இழப்பு நூறு சதவீதம் என்றே நீதிமன்றம் கொண்டது. இழப்பீடு கொடுக்க வேண்டிய கடமை விபத்து நடந்த அன்றே பிறந்துவிடுகிறது, ஆணையர் உத்தரவிடும் நாளில் அல்ல என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இந்த இரண்டாவது வரி முதலாளிகள் கவனிக்க வேண்டியது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தக்க காரணம் இல்லாத தாமதமென்றால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதம். மேலே சொன்ன 11,82,360க்கு ஆண்டு வட்டி 1,41,883. வழக்கு ஐந்து ஆண்டு இழுத்தால் வட்டி மட்டும் ஏழு லட்சத்தைத் தாண்டும். அபராதமும் சேர்ந்தால் 24 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போக நினைத்தாலும் முதலில் அந்தத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். சீசனில் கிழங்கு வாங்கவே கடன் வாங்கும் சிறு ஆலைக்கு இது ஒரே அடியில் கதவைச் சாத்தும் தொகை.

அப்போது முதலாளி தரப்பில் வழக்கமாக ஒரு வாதம் எழும்: அவன் குடித்திருந்தான். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், 2024 ஜூனில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பிறகு, இதை மறுத்துப் பேசவே பலர் கூசுகிறார்கள். சட்டம் கூசவில்லை. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, தடுப்பைக் கழற்றியது ஆகிய மூன்று காரணங்களும் சாவிலோ நிரந்தர முழு ஊனத்திலோ முடியாத காயங்களுக்குத்தான் செல்லும். சாவோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்துவிட்டால் அந்த மூன்றில் எதைச் சொல்லியும் முதலாளி தப்ப முடியாது. முதலாளியின் தப்பு இருந்ததா என்பதையும் இந்தச் சட்டம் கேட்பதில்லை. வேலையால், வேலையின்போது விபத்து நேர்ந்ததா என்பது ஒன்றே கேள்வி. இங்கிலாந்தில் 1897இல் வந்த இந்தக் கொள்கை இந்தியாவுக்கு வர 1923 ஆயிற்று.

இவ்வளவு கறாரான சட்டம் ஒரு முக்கியமான இடத்தில் மட்டும் கையை விட்டுவிட்டது. முதலாளி பொறுப்பு என்றது. அந்தப் பொறுப்பைக் காப்பீடு செய்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. லாரிக்கு இன்ஷூரன்ஸ் இல்லாமல் சாலையில் இறங்க முடியாது. அரவை மெஷினை ஓட்டலாம். பிரிட்டன் தன் சட்டத்தின் இந்த ஓட்டையை 1969இல் அடைத்தது. சிங்கப்பூரில் உடலுழைப்புத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் வேலைக் காயக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கட்டாயக் கடமை. நம் பக்கத்துப் பிள்ளை அங்கே கட்டட வேலைக்குப் போனால் போன நாளிலிருந்து அவன் மேல் காப்பீடு உண்டு. ஊருக்குத் திரும்பி வந்து சேகோ ஆலையில் சேர்ந்தால் அது முதலாளியின் மனசைப் பொறுத்தது.

கட்டாயக் காப்பீடு இந்தியாவில் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது, இ.எஸ்.ஐ. இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர் இதன்கீழ் வருவார். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். வேலையில் இறந்தால் சம்பளத்தில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் பென்ஷனாக வரும். கைம்பெண்ணாகிவிட்ட மனைவிக்கு மொத்தமாக வரும் பணத்தைச் சுற்றி உறவுக்கூட்டம் கூடுவதைப் பார்த்தவர்களுக்கு, மாதாமாதம் வருவதன் அருமை புரியும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியாகக் கேட்க முடியாது; கேட்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இராது. பதிவு செய்யாமல் முதலாளி விட்டிருந்தாலும், சட்டம் பொருந்தும் ஆலையில் வேலை செய்தவருக்குப் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கும் அதிகாரம் இ.எஸ்.ஐ. கழகத்துக்கு உண்டு.

ஆனால் இ.எஸ்.ஐ. சட்டம் 'பருவகாலத் தொழிற்சாலை'களை விலக்கி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் சர்க்கரை பெயர் சொல்லியே இருக்கிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமல்ல. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் வழக்கு எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் இரவுக் காவலாளி 2003 ஏப்ரலில் அதிகாலை வேலைக்கு பைக்கில் போகும்போது, ஆலைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். வழியில் நடந்தது வேலை விபத்தா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆம், வேலை விபத்துதான் என்று குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது 2025 ஜூலையில். இருபத்திரண்டு ஆண்டு.

இனி முதலாளி காப்பீடு எடுத்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசிக்குப் பிரீமியம், ஆண்டுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தையும் வேலையின் ஆபத்தையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. இங்கேதான் சின்னசேலம் மாதிரி ஊர்களின் பழைய பழக்கம் ஒன்று முதலாளியின் கழுத்தைப் பிடிக்கிறது. இ.எஸ்.ஐ., பி.எஃப். கட்டாமல் இருக்கப் பதிவேட்டில் ஒன்பது பேரைக் காட்டுவது. சம்பளத்தைப் பாதியாக எழுதுவது. மீதிப் பேரை 'காண்ட்ராக்டர் ஆள்' என்பது. விபத்து நடந்தபின் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான். பெயர் இல்லாதவருக்குப் பாலிசி இல்லை என்று வாதாடும். சம்பளம் 6,000 என்று எழுதியிருந்தால் 5,91,180தான் என் பங்கு என்னும். காண்ட்ராக்டர் ஆட்களைத் தனியாக அறிவிக்காவிட்டால் அவர்கள் பாலிசிக்கு வெளியே. ஆணையர் முன்போ கதை வேறு: 12ஆம் பிரிவுப்படி காண்ட்ராக்டர் ஆளுக்கும் ஆலை முதலாளியே முதல் பொறுப்பு, கொடுத்துவிட்டுக் காண்ட்ராக்டரிடம் அவர் வசூலித்துக்கொள்ளலாம். தினக்கூலி, தற்காலிகம் என்ற வேறுபாட்டையும் 2000ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. ஒரு நாள் மூட்டை ஏற்ற வந்தவரும் தொழிலாளியே. மாதம் சில ஆயிரம் மிச்சம் பிடிக்க மறைத்த பெயர், லட்சக்கணக்கில் முதலாளியின் சொந்தப் பையிலிருந்து போகிறது.

இன்னொரு ஓட்டை வட்டியும் அபராதமும். வாகன விபத்தில் வட்டியைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டும். தொழிலாளர் பாலிசியில் ஒப்பந்தத்தில் எழுதியே அதை விலக்கிக்கொள்ளலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலிசியின் கடைசிப் பக்கங்களைப் படிக்காத முதலாளி இதை வழக்கு முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்.

கல்வராயன் மலைக்காரர்கள் கதை சற்று வேறு. வெள்ளிமலையைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களிலிருந்து கேரளத்துக்கும் குடகுத் தோட்டங்களுக்கும் பெங்களூர்க் கட்டடங்களுக்கும் ஆட்கள் போகிறார்கள். அங்கே ஒருவர் இறந்தால் உடல் ஆம்புலன்சில் வரும், கையில் கொஞ்சம் பணம் வரும், அதோடு சரி. வேற்று மாநிலத்தில் யார் போய் வழக்கு நடத்துவது? போகவே வேண்டாம். இழப்பீடு கேட்பவர் தாம் வழக்கமாக வாழும் பகுதியின் ஆணையரிடமே மனுப் போடலாம் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மலையில் எத்தனை குடும்பங்களுக்கு இது போய்ச் சேர்ந்திருக்கும்?

அரசு நிவாரணத்தையும் இழப்பீட்டையும் ஒன்றாகப் பார்ப்பதும் இங்கே வழக்கம். 2021 அக்டோபர் 26 அன்று, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை தீப்பிடித்து உயிர்கள் போனபோது முதல்வர் நிவாரணம் அறிவித்தார். அப்படிப் பெறும் பணம் அரசு தரும் உதவி. வேலை கொடுத்தவர் கொடுக்க வேண்டியதை அது ரத்து செய்யாது. 'அதான் கவர்மெண்டு குடுத்துருச்சே' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும்பகுதியைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நேரும் விபத்தை வேலை விபத்தாகவே கொள்ளும் விதி இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. விடிவதற்கு முன்பே டெம்போவில் நின்றுகொண்டு ஆலைக்கு வரும் பெண்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் இதனோடு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு, மின்சாரம் பயன்படுத்தும் ஆலைக்குத் 'தொழிற்சாலை' என்ற தகுதி வர இருபது பேர் வேண்டும் என்கிறது; பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் பத்து. பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் நிற்கும் ஆலைகள் நம் வட்டாரத்தில் குறைவல்ல. ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்த கதைதான் இது. பொறுப்பைக் காப்பீடு செய்தே தீர வேண்டும் என்ற வரியோ புதிய சட்டத்திலும் எல்லா ஆலைக்கும் வரவில்லை.

சட்டம் செய்யாததைச் சங்கம் செய்யலாம். மாவையும் ஜவ்வரிசியையும் விற்றுக் கொடுக்கும் கூட்டுறவு அமைப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. இ.எஸ்.ஐ.க்குள் வராத உறுப்பினர் ஆலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்து, பிரீமியத்தை விற்பனைத் தொகையில் மூட்டைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டால் தனித்தனி முதலாளி ஏஜெண்டுக்குப் பின்னால் ஓட வேண்டாம். காண்ட்ராக்டர் ஆட்களையும் அதில் சேர்க்க வேண்டும். பதிவேட்டில் உண்மையான சம்பளத்தை எழுத வேண்டும். அரவை மெஷினுக்குத் தடுப்பு இல்லாத ஆலைக்கும், தொட்டிப் பக்கம் கயிறும் பெல்ட்டும் இல்லாத ஆலைக்கும் பாலிசி கிடையாது என்று சங்கமே நிபந்தனை போட்டால் இன்ஸ்பெக்டர் வருகைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அதுவரை, அடிபட்டவர் வீட்டாருக்கு மூன்று விஷயம். மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாரச் சம்பளக் கவரையோ சீட்டையோ தூக்கி எறியாதீர்கள். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்படாமல், விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.